சாவி

அழகான இடமாகப் பார்த்துத்தான்
வண்டிகள் படுத்துக்கொள்கின்றன.
பதினோரு வருடம் இழுவை லாரி ஓட்டி
சாண்டா ஃபேயில் நான் கற்றது இவ்வளவே.

பதினான்காம் சாலையை
நீலக்கல் விளைந்த குன்றுகள் என்பார்கள்,
மாட்ரிட்டில் சாயம் அடித்த தபால்பெட்டிகள் என்பார்கள்.
எனக்கு அது பஞ்சர்.
எழுபத்தாறில்,
சிமயோ கோயில் மண்ணை
ஒரு சிட்டிகை கைக்குட்டையில் முடிந்துகொண்டு
ட்ரூச்சாஸ் மேடேறும்போது
ரேடியேட்டர் கொதிக்கும்.
அபிகியூ பக்கம் சிவந்த மலைச்சுவர்.
முழுச் சுவரும் படத்தில் விழட்டும் என்று
பின்னால், இன்னும் பின்னால் எடுத்து
மணலில் புதைந்த சக்கரங்கள்
வாரத்துக்கு இரண்டு.

விடுதிகளில் ஒரு தாள் தருகிறார்கள்:
ஒரே நாளில் போய்வர ஐந்து இடங்கள்.
பச்சைப் பேனாவில் ஐந்து வட்டம்.
ஏழாயிரம் அடியில்
காற்றே மெலிந்திருக்கிறது என்று
எந்த வட்டமும் சொல்வதில்லை.
கடலோரத்துக் கார்கள்
இங்கே வாய் பிளந்து மூச்சு வாங்கும்.

செப்டம்பர் கடைசி, ஒரு செவ்வாய்.
வனக்காவலர் வழியாகச் செய்தி வந்தது,
ரெமீஹியா ரேடியோவில் வாசித்தாள்:
"நாலாம் சாலை, பெரிய புல்வெளி.
சாவி உள்ளே. ஆள் வெளியே."

போனேன்.
என்றோ வெடித்துத் தணிந்த எரிமலையின் வாய் அது,
இப்போது மைல் கணக்கில் புல்.
ஓரத்து ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகிவிட்டன.
வேலிக்கம்பியில் முழங்கை ஊன்றி
அரைக்கைச் சட்டையில் ஒருவர்.
நெப்ராஸ்காக்காரர், லைல் ஹ்ருஸ்கா.
அவர் கோட்டு காருக்குள்,
ரொட்டி காருக்குள்,
போன் காருக்குள்.
எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.
மூடிய கண்ணாடிக்குப் பின்னால் வரைபடக்காரி
யாருமில்லாத இருக்கையிடம்
திரும்புங்கள், திரும்புங்கள் என்றாள்.

"எவ்வளவு நேரமாக?"
"மூன்று மணி நேரம்.
முதல் மணி என்னையே திட்டினேன்.
இரண்டாவதில் குளிர்ந்தது.
அப்புறம் அவை வந்தன."

தாடையால் காட்டினார்.
புல்லின் மறுகரையில் எல்க் மான்கள்.
தூரத்தில் நான் அவற்றைக்
கற்கள் என்று நினைத்திருந்தேன்.
முப்பது, நாற்பது கற்கள்,
மேய்ந்துகொண்டு.

கதவிடுக்கில் ஆப்பைச் செருகி
காற்றுப்பையை ஊதினேன்.
கம்பி உள்ளே போய்த் தாழைத் தேடுகையில்
ஆண் எல்க் ஒன்று கூவியது:
துருப்பிடித்த பெருங்கதவு ஒன்றை
யாரோ அவசரமில்லாமல் திறப்பதுபோல.
என் கை நின்றது.
அவர் என்னைப் பார்க்கவில்லை.
மறுபடி கூவியது.
பிறகு என் கதவும் திறந்தது,
அதற்கு அவ்வளவு பெரிய சத்தம் இல்லை.

எண்பத்தைந்து டாலர்.
எண்ணிக் கொடுத்தார். கையெழுத்துப் போட
முழங்காலில் வைத்த காகிதத்தின் பின்பக்கம்
பச்சை வட்டங்கள்.
மூன்றாவதில் நின்றுவிட்டார்.
நான்காவதற்கு வழி கேட்பார் என்று காத்திருந்தேன்.
இந்நேரம் கிளம்பினாலும்
வெளிச்சம் இருக்கும்போதே சேரலாம்,
சொல்லவும் தயாராக இருந்தேன்.
கோட்டை மாட்டிக்கொண்டு
ரொட்டியில் பாதியை என்னிடம் நீட்டினார்.
பச்சை மிளகாய் போட்டது,
காய்ந்து போயிருந்தது.
தின்றோம்.
பிறகு வந்த வழியே போய்விட்டார்.

இந்த வளைவை
எத்தனை முறை கடந்திருப்பேன்!
பின்கண்ணாடியில்
கொக்கியில் தொங்கும் காரைப் பார்த்தபடியே.

எஞ்சினை அணைத்தேன்.
அணைத்த பிறகுதான் தெரிந்தது
அது எவ்வளவு இரைச்சல் என்று.
நிழல் புல்வெளியை
மேற்கிலிருந்து மடித்துக்கொண்டு வந்தது.
குட்டி ஒன்று தாயின் வயிற்றில் முட்டியது.
கற்கள் எழுந்தன, நகர்ந்தன, மறுபடி கற்களாயின.

ரேடியோ கரகரத்தது.
"ஓர்லிண்டா, எங்கே இருக்கிறாய்?
எஸ்பானியோலாவில் பேட்டரி செத்த ஒருத்தர்
அரை மணியாக நிற்கிறார்."

"இன்னும் புல்வெளியில்தான்.
சாவி உள்ளே மாட்டிக்கொண்டது."

"அதைத்தான் திறந்துவிட்டாயே.
இப்போது யாருடையது?"

சாவி என் உள்ளங்கையில்
சூடாக இருந்தது.
"என்னுடையது" என்றேன்.