பதினாலாம் நம்பர் ஸ்பேனர்

மத்தியானம் ஏலக்கூடம் காலியாகும்.
சூரை ரத்தம் கழுவிவிட்ட சிமெண்டுத் தரை
தேங்காப்பட்டணத்து வெயிலில் காய
நாற்பது நிமிடம்.
அதுவரை பலகையைக் கவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டு
ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்திருப்போம்
நானும் சபீனாவும்.
சக்கரத்தை அவள் சுண்டுவாள்.
எது முதலில் நிற்கிறதோ
அதற்குள் மணல்.

முதல் பலகை ஏழு அடுக்கு மேப்பிள்
என்று விற்றவன் சொன்னான்.
முறிந்தபோது எண்ணினோம். ஐந்து.
மிச்சம் இரண்டு அடுக்குப் பொய்
என் இடது முட்டியில் தழும்பாக இருக்கிறது.

இது மார்த்தாண்டத்து மில்லில் வாங்கிய
ரப்பர் மர பிளைவுட்.
ஆயினியில் உண்டா என்று கேட்டதற்கு
“வள்ளமா கெட்டப் போற?” என்றார் மில்காரர்.
நுனி வளைய
இரண்டு நாள் ஈரச்சாக்கு, மேலே காரின் ஜாக்கி.
வால் கொஞ்சம் கோணிக்கொண்டது.
கோணல் எனக்குத் தோது.
அவளுக்கு எரிச்சல்.

உப்புத்தாள் ஒட்டினோம்,
ஆனி மழைக்கு உரிந்து போனது.
பிறகு வள்ளத்துக்குப் பூசுகிற ரெசினைத் தடவி,
மணவாளக்குறிச்சிக் கரையில் உருண்டு விழுந்த அன்று
பேண்ட் மடிப்பில் வந்த செம்மணலைத் தூவினேன்.
அரசாங்கம் கேட்டால்:
ஒரு பிடிதான், அதுவும் தற்செயல்.
அந்த மணல் செருப்பைத் தின்கிறது.
நாலு மாதத்தில் மூன்று ஜோடி.

ஊர் ரோட்டுக்குக் கெட்டிச் சக்கரம் ஆகாது,
பல்லெல்லாம் ஆடும்.
மெத்தென்ற பெரிய சக்கரம் போட்டால்
திரும்பும்போது பலகையைக் கடிக்கும்.
எனவே தின்றுபோன செருப்புகளை வெட்டி
ட்ரக்குக்கும் பலகைக்கும் நடுவே வைத்தேன்.
ஆக, இப்போதும்
செருப்பின் மேல்தான் நிற்கிறேன்.

பேரிங் எட்டு.
உப்புக்காற்றுக்கு அவற்றின்மேல் தனிப் பிரியம்.
அவுட்போர்டுக்கு வாங்கிய மண்ணெண்ணெயில்
அண்ணன் அறியாமல் அரை டம்ளர்;
ஊறப்போட்டுக் குலுக்கித் துடைத்து
மூடியை அமுக்கினால் ‘டிக்’.
எட்டு ‘டிக்’ கேட்காமல்
எந்தச் சனிக்கிழமையும் தூங்கியதில்லை.

இதுவரை ஒத்துப்போனோம்.
நடுவாணியில்தான் சண்டை.

எனக்கு எழுபத்தொரு கிலோ.
அவளுக்கு நாற்பத்து நாலு.
குலசேகரத்து ரப்பர் ஷீட்டில் நான் வெட்டிய புஷ்
என் எடைக்கு அடங்கும்,
அவளுக்குக் கல்.
ஆளுக்குப் பத்து ரவுண்டு.
கைமாறும்போதெல்லாம்
அண்ணனின் பெட்டியிலிருந்து எடுத்த
பதினாலாம் நம்பர் ஸ்பேனர்:
அவளுக்காக அரைச் சுற்று தளர்த்தி,
எனக்காக அரைச் சுற்று முறுக்கி.

ஒருநாள் முறுக்க மறந்து ஏறிவிட்டேன்.
நான் பார்த்த பக்கமெல்லாம்
பலகை திரும்பியது.
மனம் முடிவு செய்யும் முன்பே
தூண், தராசு, மீன்கூடை,
பிறகு ஐஸ் உருகிய தண்ணீரில் நான்.
“ஆன்லெட்டே, பிள்ளே, நீ எதையும் சும்மா பாக்கமாட்டியா?”
என் முறுக்கில் அவள் ஒரு ரவுண்டு போய்வந்து சொன்னாள்:
“பஸ்ஸுல போன மாதிரி இருக்கு. சீட் கெடச்ச பஸ்.”

ஒரு முனையை இறுக்கி மறுமுனையைத் தளர்த்தி
ஒரே பலகையில் இரண்டு முன்பக்கம் செய்தோம்.
என் வால் அவளுக்கு மூக்கு.
கோணல் மூக்கு என்று
மூன்று நாள் என்னோடு பேசவில்லை.
பழையபடி ஸ்பேனர்.
நட்டுக்குள் நைலான் தேய்ந்து
இப்போது அரைச் சுற்று முக்கால் ஆகிவிட்டது.

இன்றைக்கு ஸ்பேனரைக் காணோம்.
எஞ்சின் பழுதென்று அண்ணன் எடுத்துக்கொண்டு
கடலுக்குப் போயிருக்கிறான்,
வர ஒன்பது நாள்.
தரை காய்ந்துவிட்டது.
நட்டு எங்கே நிற்கிறதென்று
இரண்டு பேருக்கும் நினைவில்லை.

“நீ ஏறு” என்கிறாள்.
“நீ முதல்ல.”

தூணருகே தராசை மட்டும்
கொஞ்சம் தள்ளி வைக்கிறேன்.