எண்ணிக்கை சரியாக இருந்தது

பாதர் அபெலார்தோ குளியலறையில் வழுக்கி விழுந்ததில்
பதினான்கு பிள்ளைகள் என் தலையில் விழுந்தார்கள்.
நான் ஆசிரியை இல்லை,
பள்ளி ஆய்வகத்தில் குடுவை கழுவுகிறவள்.
உடையக்கூடியதைக் கையாளத் தெரிந்தவள் என்று
தலைமையாசிரியர் நினைத்திருக்கலாம்.

வெள்ளி மாலை துயித்தாமாவிலிருந்து பேருந்து.
முதல் வளைவிலேயே யுரானி வாந்தியெடுத்தாள்.
மூன்றாம் வளைவில் பின்னிருக்கையில் ஒரு காதல் முறிந்து
ஐந்தாம் வளைவில் வேறு தோளில் சாய்ந்துகொண்டது.
நான் எண்ணிக்கொண்டே வந்தேன்,
பதினான்கு, பதினான்கு, பதினான்கு.

மலைவிடுதியில்
கைபேசிகளை எல்லாம் வாங்கிப் பிரஷர் குக்கரில் போட்டு மூடினேன்.
எத்தனை விசில் என்று கேட்டான் ஹெர்னி.
நள்ளிரவில் உள்ளேயிருந்து
யாருடைய அம்மாவோ அதிர்ந்துகொண்டே இருந்தாள்.

பாதர் எழுதித் தந்த தாளில்
சனி, காலை ஒன்பது மணி: மௌனம்.
தனித்தனியே நின்று உங்களுக்குள் பாருங்கள்.
அந்த உயரத்தில்
உள்ளே பார்க்கவிடாமல் மூக்கு ஒழுகும் என்று
தாளில் இல்லை.

மேலே பாராமோவில் மரம் கிடையாது.
ஃப்ரைலெஹோன் செடிகள்தான் நிற்கும்,
ஆள் உயரத்தில், ஆள் பருமனில்.
உதிராத சருகுகளே அங்கி,
உச்சியில் பூனைக்காது போல மெத்தென்ற இலைகள்.
பெரிய துறவி என்று அந்தப் பெயருக்குப் பொருள்.
வருடத்துக்கு ஒரு விரற்கடைகூட வளராத துறவி.
இந்தப் பிள்ளைகளோ
ஜனவரியில் வாங்கிய கால்சட்டையிலிருந்து
ஜூனில் கணுக்காலை நீட்டுகிறவர்கள்.

மூடுபனி மேலிருந்து இறங்கவில்லை,
பால் பொங்குகிற மாதிரி காலடியிலிருந்து ஏறியது.
முழங்கால், இடுப்பு, தோள்.
மௌனம் முடியும்வரை கூப்பிடக் கூடாது.
நின்ற இடத்திலிருந்தே எண்ணினேன்.
பதினான்கு உருவங்கள்.
நிம்மதியாக மூக்கைச் சிந்தினேன்.

பிறகு வெல்லத் தண்ணீர்,
பட்டை தட்டிப் போட்டு, கொதிக்கக் கொதிக்க.
பதினான்கு தகரக் குவளைகள்.
வரிசை தீர்ந்தது, ஒரு குவளை தீரவில்லை.
அதன் ஆவி மட்டும் ஆளைத் தேடிக்கொண்டிருந்தது.

யார் இல்லை?
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.
பெயர் வர எவ்வளவு நேரம் ஆனது என்பதை
நான் எந்த அறிக்கையிலும் எழுதவில்லை.
நெவார்தோ, என்றாள் யுரானி கடைசியில்,
பரீட்சை முடியும் மணிக்கு முன்னால்
விடை ஞாபகம் வந்தவளைப் போல.

அப்படியானால்
நான் எண்ணியதில் ஒன்று செடி.

கைகோத்துச் சங்கிலியாக நடந்தோம்.
காதல் முறிந்த இரண்டு பேரும்
அவசரத்தில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிக்கொண்டார்கள்.
நெவார்தோ! நெவார்தோ!
இந்த வருடம் முழுக்க வகுப்பில்
அந்தப் பெயர் அத்தனை முறை ஒலித்திருக்காது.

தூரத்தில் இல்லை அவன்.
ஒரு செடியின் இடுப்பில் முதுகைச் சாய்த்து
இலையின் ரோமத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தான்.
காதில் விழவில்லையா, என்றேன்.
விழுந்தது, என்றான்.
எல்லாரும் என் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.
இன்னும் கொஞ்ச நேரம் சொல்லட்டுமே என்று
இருந்துவிட்டேன்.

திட்ட வாயெடுத்தேன்.
பற்கள் தந்தியடித்ததில் வசவு துண்டு துண்டாகப் போனது.
ஹெர்னி குவளையை நீட்டினான்.
ஆறிப் பச்சைத் தண்ணீராகிவிட்டதை
அவன் ஊதி ஊதிக் குடித்தான்,
நாக்கு சுட்டுவிடும் போல.

ஞாயிறு மதியம் குக்கரைத் திறந்ததும்
பதினான்கு தலைகளும் குனிந்துகொண்டன.
எண்ண வசதிதான்.
நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்,
எரிச்சலோடு ஒவ்வொன்றாக நிமிர்ந்தன.

சதுக்கத்தில் அவனை ஏற்றிப்போக ஓர் அக்கா வந்திருந்தாள்,
மோட்டார் சைக்கிளை அணைக்காமலே.
அவன் திரும்பிப் பார்க்கவில்லை.
ஜாக்கெட்டுக்குள் ஏதோ புடைத்துக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை
ஆய்வகத் தொட்டியில் குவளைகளைக் கழுவிக் கவிழ்த்தேன்.
பதின்மூன்று.

மறுபடி எண்ணிப் பார்க்கவில்லை.