அறுபத்தேழு சென்டிமீட்டர்

தல்காவானோவில் ஜூலை.
துறைமுகத்தின்மேல் மழை சாய்ந்து நிற்கிறது.
செவிச் சோதனை அறைக்குக்
கதவு இரண்டு, சுவர் மூன்றடுக்கு,
தரைகூட ரப்பரின்மேல் மிதக்கிறது.
அப்படியும் உள்ளே யாரோ
வாய் திறக்காமல் முனகிக்கொண்டிருந்தார்கள்.

ஓதிலியா கோப்புகளை என் பக்கம் தள்ளினாள்.
"நாலு மாதமாக வருகிற
கப்பல் பட்டறை ஆட்கள் அத்தனை பேருக்கும்
நூற்றிருபத்தைந்து ஹெர்ட்ஸில் காது மந்தம்.
சம்மட்டிச் சத்தம் மேல்சுருதியைத்தான் முதலில் தின்னும்.
இது தலைகீழாக இருக்கிறது."

கூரை ஏறினேன்.
விசிறிக்கு ஒன்பது இறகு,
நொடிக்குப் பதினான்கு சுற்று.
பெருக்கிவிட்டு மழையில் நின்றே சிரித்தேன்:
நூற்றிருபத்தாறு.

முதலில் எல்லோரும் செய்வதைச் செய்தேன்.
நடுக்கம் தகடேறிப் போகாதிருக்க
விசிறிக்கும் குழாய்க்கும் நடுவே ரப்பர்த் துணி.
செங்குத்தாய் மடங்கிய முழங்கையில்
காற்று மூலையில் முட்டி, வைதுகொண்டே திரும்பியது;
ஐந்து வளைதகடுகளை நிறுத்தி வழிவிட்டேன்.
குழாயை அகலப்படுத்தினேன்,
அவசரமில்லாத காற்று அதிகம் பேசாது.
உட்சுவர் முழுக்கப்
பாறையை உருக்கி நூற்ற பஞ்சு.

சீறல் அடங்கிற்று.
முனகல் மட்டும் அசையவில்லை.
அலையின் நீளம் இரண்டே முக்கால் மீட்டர்,
பஞ்சின் கனம் இரண்டு அங்குலம்.
கொசுவலை கட்டி
யானையை நிறுத்தப் பார்த்திருக்கிறேன்.

கடைசியில், பக்கவாட்டில் ஒரு கிளைக்குழாய்.
ஒரு முனை திறப்பு, மறு முனை அடைப்பு.
எங்கும் போகாத குழாய்.
உள்ளே நுழைகிற முனகல்
அடைப்பைத் தொட்டுத் திரும்பி வாசலுக்கு வரும்போது
சரியாக அரை அலை பிந்தியிருக்கும்.
வாசலில் தன்னையே எதிர்கொள்ளும்.
தன் மேட்டின்மேல் தன் பள்ளம்.

கணக்கு அறுபத்தெட்டு என்றது.
குளிர்ந்த காற்றில் ஒலிக்கு நடை கொஞ்சம் மந்தம்,
ஒரு சென்டிமீட்டர் குறைத்து அறுக்கச் சொன்னேன்.
பற்றவைத்து முடித்த பெலார்மினோ
முட்டுச்சந்தைத் தட்டிப் பார்த்தான்.
"யாரோ அளவைத் தப்பாக எடுத்துவிட்டு
மூடி மறைத்த மாதிரி இருக்கிறது."

விசிறியைப் போட்டோம்.
ஓதிலியாவின் மழைக்கோட்டிலிருந்து
தண்ணீர் சொட்டுவது கேட்டது.

லியோகாதியோவை மறுபடி வரச்சொன்னார்கள்.
முப்பத்தோரு வருஷம் கப்பல் வயிற்றுக்குள் நின்று
துரு தட்டியவர்.
அவருடைய பழைய தாளில் ஓதிலியாவின் கையெழுத்து:
"நம்பகமற்ற பதில்கள். ஒலி தொடரும்போதே
நொடிக்கொரு தரம் பொத்தானை விட்டு விட்டு அழுத்துகிறார்."

அதை உரக்கப் படித்தவள்
பாதியில் நிறுத்தினாள்.
நூற்றிருபத்தாறில் நூற்றிருபத்தைந்து போக, ஒன்று.
இரண்டு சுருதியும் சேர்ந்தால்
நொடிக்கொரு தரம் ஏறும், இறங்கும்.
மனிதர் கேட்டதைத்தான் அழுத்தியிருக்கிறார்.
எங்கள் விசிறியின் பிசகை நாலு மாதம் முன்பே
ஒற்றை விரலால் சொல்லியிருக்கிறார்.
நாங்கள் சிவப்பு மையில் எழுதினோம்.

புதிய தாளில் கீழ்ச்சுருதி நேராக ஓடியது.
நாலாயிரத்தில் மட்டும் கோடு
படி தவறியவன்போல் விழுந்து கிடந்தது.
அதை எந்த விசிறிமேலும் போட முடியாது.

கோட்டை மாட்டிக்கொண்டே லியோகாதியோ கேட்டார்:
"இந்த இடது காதில் ஒரு விசில் உண்டு.
ராத்திரியில் கெட்டில் கொதிக்கிறதென்று எழுந்து போவேன்.
அதற்கு எத்தனை நீளக் குழாய் வேண்டும்?"

"எந்தச் சுருதி?"
உதட்டைக் குவித்து ஊதிக் காட்டினார்.
வாய் தவறி,
என்னிடமிருந்து கணக்கு வந்துவிட்டது:
"இரண்டு சென்டிமீட்டர். கொஞ்சம் கூட இருக்கலாம்."

கட்டைவிரலையும் சுட்டுவிரலையும்
அந்த அளவுக்கு விரித்துப் பார்த்துச் சிரித்தார்.
"இவ்வளவுதானா!"
விரலை மடக்காமலே மழைக்குள் இறங்கினார்.

ஒரு முனை திறந்து, மறு முனையில் பறை மூடிய
நம் காதுக் குழாயும்
கிட்டத்தட்ட அதே நீளம்தான்.
அதை நான் சொல்லவில்லை.