ஐந்தாவது சீட்டு

தொடர்ந்து ஏழு தோல்வி.
ஏழையும் என் கையால்தான் எழுதினேன்,
காட்பாடி ரயில்வே மைதானத்து மேசையில்,
தாள் பறக்காமலிருக்க
டிபன் பாக்ஸ் மூடியை மேலே வைத்து.

இந்த ஊருக்கு ஒரு பழிப்பு உண்டு:
தண்ணீரில்லா ஆறு, ராஜா இல்லாக் கோட்டை,
அதிகாரமில்லாப் போலீஸ்.
பெண்களைப் பற்றியும் ஒன்று சொல்வார்கள்.
ஸ்கோர் எழுதுகிறவள் அதை எழுதமாட்டாள்.
ஆளை மாற்ற முடியாத கோச்சையும்
அதில் சேர்த்துக்குங்க என்றார் நெகேமியா,
ஷூ லேஸைக்கூட அவிழ்க்காமல்.

யாரை எடுப்பது, யாரை விடுவது,
அந்தப் படிவத்தில் இனி அவர் கையெழுத்து.
கேட்டது அவ்வளவுதான்.
"குழம்பு நான் வைக்கணும்,
காய் மட்டும் நீங்க வாங்கிட்டு வருவீங்க.
சொத்தைக் கத்திரிக்காய்க்கும்
திட்டு எனக்கா?"

செயலாளர் குலோத்துங்கன் சிரித்தார்.
பன்னிரண்டு வருடமாய் அந்தப் பை அவர் தோளில்.
போன வருடம் அதில் வந்த காய்
அவருடைய மச்சினன் மகன்.
ஆனாலும் அவர் சொன்னதைத் தள்ள முடியவில்லை:
"பசியோட சந்தைக்குப் போறவன்
கண்ணில பட்டதையெல்லாம் வாங்குவான்.
இவருக்குச் சனிக்கிழமை ஜெயிக்கணும்.
கிளப்புக்கு அதுக்கப்புறம் ஞாயிறும் இருக்கு."

பாயின்ட்ஸ்மேன் பிர்தவுஸ் தலையாட்டினார்:
"வண்டி ஓட்டுறவர் கையில
தடம் மாத்துற லீவரைக் கொடுக்கிறதில்ல."
"தடம் புரண்டே ஏழு வாரம் ஆச்சு,
லீவர் யார்கிட்ட இருந்தா என்ன"
என்றார் பொருளாளர் ஜெயசீலி.
அவரோடு சேர்ந்துகொண்டார் டிக்கெட் ஆபீஸ் மாசிலாமணி.

இரண்டுக்கு இரண்டு.
ஐந்தாவது சீட்டு என்னுடையது.

கோச் மனதிலிருந்த பேரம் எனக்குத் தெரியும்.
அரக்கோணத்திலிருந்து
ஆறடி ஐந்தங்குல ராயப்பன் வருவான்,
லத்தேரித் தணிகைவேல் போவான்.
பாசஞ்சரில் வருகிறவன் தணிகை.
ஏழு ஆட்டத்தில் பதினோரு புள்ளி.
யாராவது கூடையில் போட்ட பந்து
எந்தக் கையிலிருந்து வந்தது என்பதற்கு
எங்கள் புத்தகத்தில் கட்டம் கிடையாது.
ஓரத்தில் பென்சிலால் ஒரு பொட்டு வைப்பேன்,
இரண்டு வருடமாக,
யாரும் கேட்காமல், யாருக்கும் சொல்லாமல்.

அந்தப் பொட்டைக் குலோத்துங்கன் பார்க்கமாட்டார்.
நெகேமியா பார்ப்பாரா?
தெரியாமல்தான் மடித்துப் போட்டேன்:
கோச்.
சரியென்று தோன்றியதால் அல்ல.
தோற்றவர் பெயரை ஊரே சொல்கிறது,
பொறுக்கியவர் பெயரை ஒருவரும் சொல்வதில்லை.
அந்தக் கணக்கு உதைத்தது.

லீக் அலுவலகம் வெள்ளி மாலை ஐந்துக்கு மூடும்.
நாலரை மணிக்கு அவரைப் பார்த்தேன்,
சித்தூர் பஸ் நிற்கும் டீக்கடையில்.
பேனா மூடி திறந்திருந்தது.
டீயில் ஆடை படிந்திருந்தது.
ஐந்தும் ஆனது. ஐந்தேகாலும்.

சனிக்கிழமை தணிகைவேல்தான் ஆடினான்.
மூன்று புள்ளியில் தோற்றோம்.
எட்டு.
முதல்முறையாக
யாரும் குலோத்துங்கனைத் திட்டவில்லை.
பன்னிரண்டு வருடத்தில்
அவர் அவ்வளவு நிம்மதியாய்
வேர்க்கடலை தின்று நான் பார்த்ததில்லை.

கோச் என் மேசைக்கு வந்தார்.
வியர்த்த சட்டைப்பையில்
நான்காய் மடித்த படிவம்,
துணியில் நீலமாய்ப் பரவிய மை.
"புத்தகத்தைக் காட்டும்மா."
ஓரத்தில் விரல் நின்றது.
"இது என்ன, பென்சில்ல?"
சொன்னேன்.
உதடு அசைய எண்ணினார்: ஒன்பது.
முந்தைய பக்கத்தைத் திருப்பினார், அதற்கும் முந்தையதை.

"முன்னாடியே ஏன் சொல்லல?"
"நீங்க கேக்கல சார்.
அப்ப கையெழுத்தும் உங்ககிட்ட இல்ல."

ஜங்ஷன் பக்கம் பாசஞ்சர் கூவியது.
பையைத் தோளில் போட்டுக்கொண்டு
தணிகைவேல் ஓடினான்,
தோற்றவன் போலவே இல்லை அந்த ஓட்டம்.
அவன் போன திசையைப் பார்த்துக்கொண்டே
கோச் சொன்னார்,
அடுத்த வெள்ளிக்கும் ஐந்து மணி இருக்கு.

என்னிடமா, அவனிடமா,
சட்டைப்பையிடமா, தெரியவில்லை.
பென்சிலைச் சீவி வைத்தேன்.