கறையை எடுத்த இடம்

படந்தாலுமூட்டில் பஸ் ஏறினால்
களியக்காவிளை தாண்டி இஞ்சிவிளை
கண்மூடித் திறக்கும் தூரம்.
இந்தப் பக்கம் எழுநூறு கூலி,
அந்தப் பக்கம் ஆயிரம்.
வாளியும் தேங்காய் நாரும் பழைய பல்துலக்கியும்
இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

பிரசன்னன் சார் வீட்டு முற்றம் தந்தூர்க் கல்.
கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே
இரண்டு விரல் புல்.
போட்ட புதிதில் மழைமேக நிறமாம்.
நான் பார்க்கையில்
ஞாவல் மரத்தடியில் ஊதா,
பைப்படியில் பாசி,
கார் நின்ற இடத்தில் கறுப்பாய் எண்ணெய்.
கேட்டோரம் பெயிண்டர் சிந்திப் போன துளிகளை
கோழி எச்சமென்றே நினைத்தேன்.

பாசிக்கு முதலில் தண்ணீர் குடிக்கக் கொடு.
ஊறட்டும்.
பிறகு வட்டமாய்த் தேய்.
நேராகத் தேய்த்தால்
கை போன வழி கல்லில் நிற்கும்.

பெயிண்டுக்குப் பிளேடு, படுக்கப் போட்டு.

ஞாவலுக்கு
காயத்தில் ஊற்றும் நுரைமருந்தைப்
பவுடரில் குழைத்து அப்பினேன்.
எண்ணெய்க்கு மைதாவும் சோடாப்பொடியும்,
மேலே பிளாஸ்டிக் தாள், நாலு பக்கமும் டேப்.
கல்லுக்கும் தாகம், மாவுக்கும் தாகம்.
ராத்திரியோடு ராத்திரியாக
மாவின் தாகம் ஜெயிக்கும்.
காலையில் உரித்தால் மாவு கறுத்திருக்கும்.
முழுதும் போக மூன்று ராத்திரி ஆனது.

சுலோசனா டீச்சர் கட்டன் சாயாவோடு வந்து
ஒவ்வொரு கல்லாய்ப் பார்த்தார்.
"கொள்ளாம்" என்றார்.
பிறகு கறிவேப்பிலைச் செடியருகே
விரலை மட்டும் நீட்டினார்.

ஒரு முறம் அளவுக்கு வெளுத்து
சொரசொரவென்று ஒரு வட்டம்.
நார் போட்டேன். மாவு போட்டேன்.
குனிந்து மோந்து பார்த்தேன்.
நனைத்தால் மறையும்,
காய்ந்தால் முன்னைவிட வெளுப்பாய்த் திரும்பும்.

"சார், இங்கே யாரோ ஆசிட் ஊற்றியிருக்காங்க."

பேப்பரை மடிக்காமலே சொன்னார்:
"நான்தான்.
சைக்கிள் நின்ன இடம். துருப்பிடிச்சிருந்தது.
கக்கூஸ் கழுவுற பாட்டிலில் பாதி ஊத்தினேன்.
பொங்கிச்சு.
போகுதுன்னு நினைச்சேன்."

யார் சைக்கிள் என்று அவர் சொல்லவில்லை.
டீச்சர் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.
கறிவேப்பிலைக்குப் பின்னால் சுவரில்
ஹேண்டில்பார் உரசிய கீறல்
என் இடுப்பு உயரத்துக்கும் கீழே.

"சார், புளிச்ச எதுவும் இந்தக் கல்லுக்கு ஆகாது.
எலுமிச்சைச் சொட்டுக்கே நுரைக்கும்.
இது கறை இல்லை.
கறையை எடுத்த இடம்.
இதிலிருந்து எடுக்க இனி எதுவும் இல்லை."

"அப்போ?"

"சுற்றி இருக்கிற கல்லையும் சேர்த்து இழைக்கலாம்.
மூணு நாள். தாள் செலவு தனி."

மனக்கணக்குப் போட்டார்.
பேப்பர் பக்கத்தைத் திருப்பினார், படிக்கவில்லை.
"இழை" என்றார்.

இருநூற்றிருபது நம்பர் உப்புத்தாளில் தொடங்கி
நானூறு, எண்ணூறு, ஆயிரத்தைந்நூறு.
தண்ணீர் விட்டு விட்டு.
கல் பாலாய்க் கரைந்து புல்லுக்குள் ஓடியது.
இரண்டாம் நாள் என் விரல் நுனிகள்
பஸ்ஸில் சில்லறையை அடையாளம் காணவில்லை;
ஒன்றா இரண்டா என்று
கண்டக்டர்தான் பார்த்துச் சொன்னார்.

மூன்றாம் நாள் சாயங்காலம்
சார் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்.
கண்ணை மூடிக்கொண்டு
கல் கல்லாய்க் கால் வைத்தார்.
கறிவேப்பிலை வரை போனார், திரும்பினார்,
வட்டத்தைத் தாண்டி மறுபடியும் போனார்.
"எங்கே?" என்றார்.
"இப்போ நிற்கிறீங்களே, அங்கேதான்."

கண்ணைத் திறந்தால் தெரியும்.
ஒரு பிடி வெளுப்பு இன்னும் இருக்கிறது.
காலுக்குத்தான் தெரியாது.
அவர் திறக்க நேரம் எடுத்துக்கொண்டார்.
நான் வாளியைக் கவிழ்த்து வைத்தேன்,
நாரைப் பிழிந்தேன்,
ஏற்கெனவே பிழிந்த நாரை.

பணம் எண்ணித் தந்தார்.
கேட் விளக்கில் நானும் எண்ணினேன்.
ஒரு ஐந்நூறில் மஞ்சள் கறை,
ஓரத்தில், மீன்குழம்பாக இருக்கலாம்.

வேறு நோட்டு கேட்டு வாங்கிக்கொண்டேன்.