பதினொரு இடது தோள்கள்

பிப்ரவரி. கார்னர் புரூக்கில்
பனி வாரும் வண்டியே பனியில் மாட்டிக்கொண்ட நாள்.
லியாண்டர் வரவில்லை.
நாடகப் பிரிவு, மூன்றாம் ஆண்டு.
மணிக்கு இருபத்திரண்டு டாலருக்கு
எங்கள் முன்னால் அசையாமல் இருப்பவன்.
அவன் முதுகெலும்பு எனக்கு
எங்கள் வீட்டு மாடிப்படியைவிடப் பழக்கம்.
கண் என்ன நிறம் என்று கேட்டால் தெரியாது.

"யாராவது வந்து உட்காருங்கள்" என்றார் மிஸஸ் கில்லம்,
"உடுப்போடுதான், பயப்படாதீர்கள்."
எல்லோரும் அவரவர் கரித்துண்டை
அப்போதுதான் முதல்முறை பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.
நான் அன்று பெட்டியை பஸ்ஸில் விட்டிருந்தேன்,
அவ்வளவுதான் காரணம்.
தைரியம் என்று டார்காஸ் பின்னால் சொல்லித் திரிந்தாள்.

முதல் ஐந்து நிமிடம் மூக்கில் நமைச்சல்.
பிறகு வலது கால் என்னுடையது இல்லை என்றாயிற்று.
ஜன்னலுக்கு வெளியே காகித ஆலையின் புகை
நேராக ஏறி, மனம் மாறி,
வளைகுடாப் பக்கம் சாய்ந்தது.
செய்தித்தாள் காகிதத்தில்தான் என்னை வரைகிறார்கள்.
ஒரு கட்டு எட்டு டாலர்.
வெயில் பட்டால் மஞ்சளாகும்,
கண்காட்சிக்கு ஆகாது,
தப்புப் பண்ண இதைவிட நல்ல காகிதம் கிடையாது.

பதினெட்டு மாதம் பார்க்கிறவளாகவே இருந்துவிட்டேன்,
ஒரு கண்ணை மூடி, கையை நீட்டி,
கட்டைவிரலால் ஆட்களை அளந்துகொண்டு.
இப்போது பதினொரு கட்டைவிரல்கள்
என் தலையின் உயரத்தை எடுத்துப் போய்
என் இடுப்பில் வைத்துப் பார்க்கின்றன.
எத்தனை தலை உயரம் நான்?
ஆறரை, என்றது ஒரு முணுமுணுப்பு.
ஏழு, என்று சண்டைக்கு வந்தது இன்னொன்று.

முக்கால் மணி நேரம்.
எழுந்து, நொண்டி, காகிதங்களைச் சுற்றி நடந்தேன்.
ஒரு மூக்குபோல் இன்னொன்று இல்லை.
டார்காஸ் எனக்குக் கழுத்தே கொடுக்கவில்லை.
அம்புரோஸ் பூட்ஸோடு நிறைய நேரம் வாழ்ந்திருந்தான்,
லேஸ் முடிச்சு வரைக்கும்.
ஆனால் பதினொன்றிலும் இடது தோள்
இறங்கியிருந்தது,
பேசி வைத்துக்கொண்ட மாதிரி.

மூன்று கோடை, நண்டு ஆலை. படிப்புக் கட்டணத்துக்கு.
ஈரத் தட்டுகளை இடது பக்கம் அணைத்து
வலது கையால் குழாயைத் திறப்பேன்.
எலுமிச்சை போட்டுக் கையைக் கழுவினால்
எல்லாம் போய்விடும் என்றிருந்தேன்.
தோளைக் கழுவ மறந்திருக்கிறேன்.

அன்று மாலை பக்கத்துக் கட்டடத்தில் ஒத்திகை.
எங்கள் பட்டத்தில் அப்படி ஒரு விதி:
ஓவியம் படிக்கிறவர்கள் ஒருமுறை மேடை ஏற வேண்டும்,
நடிப்பு படிக்கிறவர்கள் ஒருமுறை
செட்டுக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும்.
மூன்று கிரெடிட்.
எனக்கு வேலைக்காரி வேடம். ஒரே வரி:
"விளக்கை எடுத்துக்கொண்டு போகட்டுமா, அம்மா?"
மூன்று வாரமாக
நெஞ்சை நிமிர்த்தி, உச்சரிப்பு திருத்திச் சொல்லியும்
ஃபேபியன் "இன்னொரு தரம்" என்பான்.
இயக்குகிறவன். நாலாம் ஆண்டு.
அதற்கு மேல் சொல்ல அவனுக்கும் தெரியாது.

அன்று உள்ளே போனேன்,
தோள் அதன் இஷ்டத்துக்கு வந்தது.
மேஜையில் விளக்கு. கடிதம் படிக்கும் எஜமானி.
வரி வரவில்லை.
வாயைத் திறந்தேன், பனிக்காற்றுகூட வரவில்லை.
விளக்கை எடுத்து இடது பக்கம் அணைத்துக்கொண்டு
போய்விட்டேன்.
எஜமானி பாதிக் கடிதத்தோடு இருட்டில்.

இருட்டுக்குள்ளிருந்து ஃபேபியன் குரல்:
"வரி வேண்டாம். வெட்டிவிடலாம்."
அப்படித்தான் என் ஒரே வசனம் போனது.
கோபப்படுவதா என்று இன்னும் முடிவாகவில்லை.

கடைசி வரிசையில் லியாண்டர்,
தலையெல்லாம் பனி உருகிக்கொண்டு.
விளக்கு என் கையில்தான் இருந்தது.
பழுப்பு. இடது கண்ணில் மட்டும் ஒரு பச்சைப் புள்ளி.

வெள்ளிக்கிழமை அலுவலகத்தில்
கவரில் போட்டுத் தந்தார்கள்:
பதினாறு டாலர் ஐம்பது சென்ட்.
இரண்டு கட்டுக் காகிதம் வாங்கினேன்.
ஐம்பது சென்ட் பையில் கிடக்கிறது,
இடது பக்கம்.