சேம்பர்

முதலில் வெற்றிலை எச்சில் என்றுதான் நினைத்தார்கள்.
வடுவூரில் ஒருவரைப் பந்தலில் வைத்தே திட்டினார்கள்.
அவர் புகையிலையை விட்டு இருபது வருஷமாம்.
நான் குளிர்ப்பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தேன்,
வாய் திறக்கவில்லை.

என் வண்டிதான்.
ஆஸ்பத்திரி ஏலத்தில் எடுத்தது. கிளட்ச் மிதி கிடையாது,
தானே கியர் மாற்றிக்கொள்ளும்,
குடிக்கச் சிவப்பு எண்ணெய் கேட்கும்.
எனக்குத் தெரிந்து மன்னார்குடியில் இந்த ரகம் இது ஒன்றுதான்.
ஒன்றே ஒன்றாய் இருப்பதில் என்ன பெருமை,
ஒரு போல்ட் கழன்றால் திருச்சிக்கு ஓட வேண்டும்.

ஜமால்தீன் அடியில் படுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"கியர் சேம்பர் போயிடுச்சுக்கா.
மூலையில ஊசிக்கண் ஊசிக்கண்ணா ஓட்டை.
எங்கேயோ நல்லா இடிச்சிருக்கீங்க."
இடித்தது நினைவிருக்கிறது.
கோட்டூருக்கு அந்தப் பக்கம், மழை, ராத்திரி ரெண்டு மணி,
வாய்க்கால் பாலத்தில் ஏறி இறங்கியபோது.
பெட்டி காலி,
அதனால் யாருக்கும் வலிக்கவில்லை.

பழையதற்கு வெல்டு வைக்கலாமா என்றேன்.
"வைக்கலாம். தகடு அப்பளம். ஒரு மாசம் தாங்கும்."
கம்பெனி சேம்பர் சென்னையிலிருந்து வர ஆறு நாள்,
நாலாயிரத்து அறுநூறு, அடியில் வடிகால் திருகு இல்லை.
எண்ணெய் மாற்ற வேண்டுமென்றால்
பதினாறு போல்ட்டையும் கழற்றி
சட்டியை முகத்தில் கவிழ்த்துக்கொள்ள வேண்டும்.
"இதைச் செஞ்சவன் ஒருநாளும் வண்டிக்கு அடியில படுத்ததில்லை."

ரத்தினசபாபதி கடையில் வேறொன்று காட்டினார்.
அலுமினிய வார்ப்பு. விலா எலும்புபோல் வரிகள்,
நடுவில் திருகு, இரண்டு லிட்டர் கூடக் கொள்ளும்.
குழம்பு ஊற்றலாம், அவ்வளவு அழகு.
ஸ்கேல் வாங்கி அளந்தேன்.
பழையதைவிட ஒன்றே முக்கால் அங்குலம் ஆழம்.
அந்த ஒன்றே முக்கால் அங்குலத்தை
எந்தெந்த ஊரில் எதன்மேல் இடிப்பேன் என்று
கல்லா முன்னால் நின்றபடியே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன்:
பாமணி ஆற்றுக்கரை, உள்ளிக்கோட்டை வேகத்தடை,
தலைஞாயிறு பக்கம் சாலை இருக்க வேண்டிய இடம்,
சாவு வீட்டு வாசலில் அவசரத்தில் கொட்டிய செங்கல்.
"ஆழம் நல்லதும்மா, சூடு ஏறாது" என்றார்.
நல்லதுதான். குளத்துக்கு.

அப்போதுதான் போன். வடுவூர் நம்பர்.
வாடகை பாக்கி என்று நினைத்து எடுத்தேன்.
"அந்தச் சிவப்பு போகவே மாட்டேங்குதுக்கா.
பிளீச்சிங் போட்டுத் தேச்சாச்சு.
நாளைக்குக் கருமாதி, சொந்தக்காரங்க வருவாங்க."
என் வண்டி எண்ணெய் என்று எப்போது தெரிந்தது,
கேட்கவில்லை.
பதினைந்து நாளாய் அவர் அம்மாவின் வாசலில்
என் கியர் கிடந்திருக்கிறது.
சிமெண்ட் தூளைக் கொட்டி ராத்திரி முழுக்க விடுங்கள்,
காலையில் கூட்டுங்கள் என்றேன்.
மன்னிப்பு என்ற சொல் வரவில்லை.
"வண்டியத்தான் சரி பண்ணிக்கிட்டிருக்கேன்."
"பண்ணுங்க" என்றார். வைத்துவிட்டார்.

சென்னைக்கே சொல்லச் சொன்னேன்.
ஆறு நாளும் வந்த அழைப்புகளை
நீடாமங்கலம் பீட்டருக்குத் தள்ளிவிட்டேன்.
பதினொன்று. எண்ணக்கூடாத கணக்கு, எண்ணினேன்.

கழற்றிய சேம்பரின் அடியில் ஒரு காந்தம்,
அதற்கு மீசை முளைத்திருந்தது,
பூனை முடிபோல் சாம்பல் நிறத்தில்.
நாலு வருஷத்து இரும்புத் தேய்மானம்.
ஜமால்தீன் விரலால் வழித்து வெயிலில் காட்டி
"பொடிதான், பல் எதுவும் உடையலை" என்றார்.
அதைத் தூக்கிப் போட மனம் வரவில்லை என்றால் பொய்.
தூக்கிப் போட்டோம்.
காந்தத்தைத் துடைத்துப் புதியதில் வைத்தோம்.
லேத்தில் கொடுத்து வடிகாலுக்கு ஒரு நட்டு ஊத வைத்தேன், நானூறு ரூபாய்.
கேஸ்கட் கார்க்கா ரப்பரா என்று அரைமணி நேரச் சண்டை.
ரப்பர்.
போல்ட்டைக் குறுக்கும் மறுக்குமாய்த்தான் முறுக்கினார்,
ஒரே பக்கம் இறுக்கினால் எதிர்ப்பக்கம் வாய் பிளக்குமாம்.

அன்றிரவு வண்டிக்கு அடியில்
ஃபிரிட்ஜ் வந்த அட்டையை விரித்தேன்.
நாலு மணிக்கு டார்ச் அடித்தால்
ஒரு பல்லி மட்டும், வேறொன்றுமில்லை.
போன் அடித்தது. தலைஞாயிறு.
கிளம்பும்போது அட்டையை மடித்துப்
பெட்டிக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டேன்,
அங்கேயும் விரிக்க.